புகைக்கு எதிரே வீடு இருந்தால், பெயிண்டரைக் கூப்பிடுவதற்கு முன்

தொழிற்பேட்டையிலிருந்து காற்று எந்தப் பக்கம் வீசுமோ அந்தப் பக்கத்தில்தான் என் வீடு. புகை வரும், தூசி படியும், நெஞ்சுக்கு ஆகாது என்று எச்சரித்தவர்கள் நிறையப் பேர். கட்டடத்துக்கு என்ன ஆகும் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. கரி எரிக்கும் பாய்லர்கள் சில, துத்தநாகம் பூசுவதற்கு முன் இரும்பை அமிலத்தில் முக்கிக் கழுவும் பட்டறைகள் சில, இவைதான் எங்கள் அக்கம்பக்கம். முதலில் கிரில், அப்புறம் பெயிண்டு, அப்புறம் ஏசி, கடைசியில் சன்ஷேடின் கான்கிரீட் என்று ஒவ்வொன்றாகக் கெட்டது. சேமிப்பில் பெரும்பகுதி அதில் போய்விட்டது. பணம் போனதைவிட, வந்து பார்த்த ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் சொல்லிவிட்டுப் போனதுதான் என்னை அதிகம் சோர்வடைய வைத்தது. இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று, நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் கெட்டவை உலோகச் சாமான்கள். மொட்டைமாடியில் போட்ட துத்தநாகம் பூசிய தகரக் கூரையில் வெள்ளைப் பொடி பூத்தது. சீக்கிரமே அதன் நடுவே பழுப்புப் புள்ளிகள் வந்தன. ஜன்னல் கிரில்லின் மேல்பக்கம் நன்றாக இருந்தது, அடிப்பக்கமும் மூலைகளும் துருவேறிப் பொரிந்தன. தகரம் போட்டவர் சரக்கு மட்டம் என்றார். விற்றவர், பொருத்தியவர் கீறிவிட்டார் என்றார். இரண்டும் இல்லை. காற்று உலோகத்தை அரிக்கும் வேகத்தை வகைப்படுத்த ஐஎஸ்ஓ 9223 என்று ஒரு சர்வதேசத் தரநிலை இருக்கிறது. அதில் சி1 முதல் சி5 வரை படிகள் உண்டு, அதற்கும் மேலே சிஎக்ஸ். மாசு குறைந்த இடங்களுக்கான சி2இல் துத்தநாகம் வருஷத்துக்கு 0.1 முதல் 0.7 மைக்ரான் வரை தேயும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கடுமையான தொழிற்சாலைக் காற்றுக்கான சி5இல் 4.2 முதல் 8.4 மைக்ரான் வரை. 20 மைக்ரான் பூச்சுள்ள தகரம் நல்ல காற்றில் பல பத்தாண்டுகள் தாங்கும் என்றால், சி5இல் ஐந்து வருஷம் தாங்குவதே பெரிது. கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் தகரக்காரர் மேல் இருந்த கோபம் தணிந்தது. ஆனால் தொழிற்பேட்டைக்கு எதிரே இருக்கும் வீட்டுக்குச் சாதாரணப் பூச்சுத் தகரம் போதும் என்று சொன்னாரே, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. நீங்கள் வாங்கும்போது பிராண்டைக் கேட்பதைவிட, பூச்சு எத்தனை மைக்ரான் என்று கேளுங்கள். துருப்பிடிக்காத எஃகு வேண்டுமென்றால் 304 ரகத்தைவிட 316 ரகம் அமிலப் புகையைக் கூடுதலாகத் தாங்கும்.

கிரில்லின் அடிப்பக்கம் ஏன் முதலில் கெட்டது என்பது எனக்கு ரொம்ப நாள் புரியாத புதிர். மழைதான் துருவுக்குக் காரணம் என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். புகை சூழ்ந்த இடத்தில் மழை பல சமயம் நல்லதே செய்கிறது, படிந்த உப்பையும் கரியையும் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. கெடுதல் செய்வது பனி. ராத்திரி ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் உலோகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் உருவாகும். கந்தக டைஆக்சைடு அதில் கரையும், ஏற்கெனவே படிந்த தூசியும் சேர்ந்து ஊறும். மழை போல அது வழிந்து ஓடாது, அங்கேயே நின்று காலையில் காயும், உப்பு மட்டும் மிஞ்சும். மறுநாள் அதே இடத்தில் அதே கதை. அதனால் மழை படாத இடங்களை நாமேதான் கழுவ வேண்டும். கிரில்லின் அடிப்பக்கம், கதவுக் கீல், தகரக் கூரை சுவரோடு சேரும் மூலை, ஏசியின் வெளி யூனிட் ஆகியவற்றை நல்ல தண்ணீரில் அடிக்கடி அலசி விடுவது, இத்தனை செலவுக்கும் நடுவே நான் கண்ட மலிவான வைத்தியம்.

ஏசி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெளி யூனிட்டின் அலுமினியத் தகடுகள் விரலால் தொட்டால் உதிரும் நிலைக்கு வந்தன, செம்புச் சுருளில் ஓட்டை விழுந்து வாயு கசிந்தது. சுருளை மாற்றிய பிறகு மறுபடியும் அதே. இப்போது இருப்பது அரிப்பைத் தாங்கும் பூச்சு கொடுத்த சுருள், யூனிட்டையும் புகை வராத பக்கச் சுவருக்கு மாற்றிவிட்டேன். முதல் தடவையே இடத்தை மாற்றச் சொல்லியிருக்கலாம், யாரும் சொல்லவில்லை.

சுவர் விஷயத்துக்கு வருகிறேன், பணம் அதிகம் போனது இங்கேதான். பெயிண்டு கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. கிள்ளினால் உள்ளே வெள்ளை உப்பு. சன்ஷேடுக்குக் கீழே, மழை படாத இடங்களில், தார் பூசியது போலக் கறுப்புப் படலம். காற்றில் உள்ள கந்தக டைஆக்சைடு ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, சிமெண்டிலும் சுண்ணாம்பிலும் இருக்கும் கால்சியத்தோடு வினைபுரிந்தால் கிடைப்பது ஜிப்சம். அது தண்ணீரில் கொஞ்சம் கரையும். எனவே மழை படும் இடத்தில் சுவர் வெளுப்பாகவே இருக்கும், பார்க்கச் சுத்தமாகத் தெரியும், ஆனால் மேல்தோல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மணல் மட்டும் நெருடும். மழை படாத இடத்தில் ஜிப்சம் கரையாமல் தங்கி, புகைக்கரியைப் பிடித்து வைத்துக்கொண்டு கறுப்புப் பொருக்காகிவிடும். முகப்பில் ஒட்டியிருந்த பளிங்குக் கல் தன் மினுமினுப்பை இழந்து சொரசொரப்பானதும் இதனால்தான். பளிங்கும் சுண்ணாம்புக்கல்லும் கால்சியம் கார்பனேட், அமிலத்துக்கு நிற்காது. கருங்கல் நிற்கும். முகப்புக்குக் கல் ஒட்ட ஆசைப்படுபவர்கள் இதை மட்டும் மறந்துவிட வேண்டாம்.

கறுப்பை எடுக்க வந்தவர் ஆசிட் ஊற்றித் தேய்த்தார். பளிச்சென்று ஆனது உண்மை. பக்கத்து வீட்டுக்காரர் அவருடைய போன் நம்பரைக்கூட வாங்கிக்கொண்டார். அவர் ஊற்றியது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது கறுப்போடு சேர்த்துச் சுவரின் சிமெண்டையும் தின்னும், போகும்போது குளோரைடு என்னும் உப்பை உள்ளே விட்டுவிட்டுப் போகும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்கக் குளோரைடைவிட வசதியான பொருள் கிடையாது. ஏற்கெனவே காற்றில் அதே அமிலத்தின் ஆவி வரும் தெருவில், காசு கொடுத்து இன்னும் ஒரு வாளி ஊற்றியது போலாயிற்று. அடுத்து வந்த ஒப்பந்தக்காரர், ரப்பர் போல நீளும் கனமான நீர்த்தடுப்புப் பூச்சைப் போட்டார், பல வருஷ உத்தரவாதம் என்றார். உள்ளே உப்பும் ஈரமும் இருக்க, வெளியே மூச்சு விடாத தோலைப் போர்த்தினால் என்ன ஆகும்? முதல் மழைக்காலம் முடிவதற்குள் பூச்சு பை போல உப்பித் தொங்கியது. உத்தரவாதத்தைக் கேட்டுப் போனபோது, அது பொருளுக்குத்தான், சுவருக்கு இல்லை என்றார்கள். அன்று வந்த ஆத்திரத்தை எழுதினால் இந்தப் பக்கம் தாங்காது.

பூச்சு போடுகிறவர்களுக்குக் கூலி சதுர அடிக் கணக்கில். சுவரை ஆராய்வதற்குச் சதுர அடிக்கு யாரும் பணம் தருவதில்லை, அதனால் யாரும் ஆராய்வதும் இல்லை. இது அவர்களைக் குறை சொல்ல மட்டும் சொல்லவில்லை. ஆராய்வதற்கென்று தனியாக ஒருவரை, பூச்சு விற்காத ஒருவரை, நாம்தான் பிடிக்க வேண்டும்.

நான் பிடித்தது சன்ஷேடின் அடியிலிருந்து கான்கிரீட் ஒரு பெரிய துண்டாகப் பெயர்ந்து விழுந்த பிறகு. அந்த நேரம் கீழே யாரும் இல்லை. பிள்ளைகள் விளையாடும் இடம் அது. இரண்டு நாள் எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. நீங்கள் இதைப் படித்து ஒன்றே ஒன்று செய்வதானால், சன்ஷேடு, பால்கனி, கைப்பிடிச் சுவர் இவற்றின் அடிப்பக்கத்தைச் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் பரவாயில்லை. பொத்தென்று ஓசை வந்தால் உள்ளே பிளந்திருக்கிறது. கம்பி ஓடும் நேர்க்கோட்டில் விரிசலோ பழுப்புக் கறையோ தெரிந்தாலும் அதே அர்த்தம். உடனே அதன் கீழே நடமாட்டத்தை நிறுத்துங்கள், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் வந்தார். அவர் செய்த முதல் சோதனை பள்ளிக்கூட ஆய்வகத்தில் பார்த்த பினாப்தலீன்தான், காரம் பட்டால் இளஞ்சிவப்பாகும் திரவம். புதிதாக உடைத்த கான்கிரீட்டில் தெளித்தார். உள்பக்கம் அடர் இளஞ்சிவப்பாக மாறியது, வெளிப்பக்கம் நிறமே மாறவில்லை. நல்ல கான்கிரீட் கடுமையான காரத்தன்மை கொண்டது, பிஎச் 12.5க்கு மேல் இருக்கும். அந்தக் காரம்தான் கம்பியின் மேல் ஒரு மெல்லிய பாதுகாப்புப் படலத்தை வைத்திருக்கிறது. கார்பன் டைஆக்சைடும் அமில வாயுக்களும் வெளியிலிருந்து உள்ளே ஊறி அந்தக் காரத்தைக் குறைத்துக்கொண்டே போகும். பிஎச் 9க்குக் கீழே இறங்கினால் படலம் போய்விடும், கம்பி துருப்பிடிக்கத் தொடங்கும். துரு இரும்பைவிடப் பருமன் கூடியது, சில வகைத் துரு ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். அந்த நெருக்கலில்தான் கான்கிரீட் வெடித்துப் பெயர்கிறது. நிறம் மாறாத பட்டை கம்பியை எட்டிவிட்டதா என்பதைப் பார்ப்பதுதான் சோதனையின் நோக்கம். எங்கள் சன்ஷேடில் கம்பியைத் தாண்டிப் போயிருந்தது. தளத்தில் இன்னும் எட்டவில்லை. இந்த ஊடுருவல் ஏறக்குறைய காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப நகரும் என்றார். பத்து வருஷத்தில் 10 மில்லிமீட்டர் போயிருந்தால், 20 மில்லிமீட்டரை எட்ட மொத்தம் நாற்பது வருஷம் ஆகும். தளத்தை உடைக்கச் சொன்ன ஒப்பந்தக்காரரின் பெரிய மதிப்பீடு அந்த ஒரு கணக்கில் மேசையை விட்டுப் போனது. சோதனைக்கு ஆன செலவை அங்கேயே மீட்டுவிட்டேன்.

இதில் ஒரு எச்சரிக்கை. குளோரைடு இருந்தால் பினாப்தலீன் காட்டாது. கான்கிரீட் இளஞ்சிவப்பாகவே இருக்கும், கம்பி உள்ளே அரித்துக்கொண்டிருக்கும். அமிலப் பட்டறைக்கு அருகில் இருப்பவர்கள் வெவ்வேறு ஆழத்தில் துளையிட்டு, அந்தந்த ஆழத்துத் தூளைத் தனித்தனியாக ஆய்வகத்துக்கு அனுப்பிக் குளோரைடு அளவைப் பார்க்க வேண்டும். கூடவே கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும் சோதனையும் உண்டு. செம்பு-செம்பு சல்பேட் மின்முனையை வைத்து அளக்கும்போது மைனஸ் 350 மில்லிவோல்ட்டைவிட இன்னும் எதிர்மறையாக வந்தால், அங்கே அரிப்பு நடந்துகொண்டிருக்கும் வாய்ப்பு 90 சதவீதத்துக்கு மேல் என்று எடுத்துக்கொள்வார்கள். உடைக்காமலே எங்கே நோய் என்று வரைபடம் போட்டுவிடலாம்.

பொறியாளர் இன்னொன்றும் சொன்னார், கேட்கக் கசப்பாக இருந்தது. சன்ஷேடு கட்டியபோது கம்பிக்கு வெளியே விட வேண்டிய கான்கிரீட் மூடலைப் போதிய அளவு விடவில்லை. அதாவது கம்பி விளிம்புக்கு மிக அருகில் இருந்தது. புகை இல்லாத இடத்திலும் அது என்றாவது பெயர்ந்திருக்கும், புகை அதை வெகுவாக முன்னால் இழுத்துவிட்டது. எல்லாப் பழியையும் ஆலை மேல் போட்டுவிட வேண்டும் என்ற வேகத்தில் இருந்த எனக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் பிறகு புகார் கொடுக்கும்போது, எது கட்டியவர் குறை, எது காற்றின் குறை என்று பிரித்து வைத்திருந்ததுதான் எனக்குக் கைகொடுத்தது.

பழுதுபார்க்கும் வேலையில் ஒரு இடம் முக்கியமானது. பெயர்ந்த இடத்தை மட்டும் புதுக் கலவையால் அடைத்துவிட்டுப் போவது வழக்கம். அப்படி அடைத்த எங்கள் பால்கனி விளிம்பில், அடைத்த இடம் நன்றாகவே இருந்தது, அதை ஒட்டிய பழைய பகுதி அடுத்த வருஷமே வெடித்தது. கொத்தனார் கைராசி இல்லை என்று அம்மா சொன்னார். விஷயம் வேறு. முன்பு துருப்பிடித்துக்கொண்டிருந்த துண்டு தன் அருகிலுள்ள கம்பியை மின்வேதி முறையில் தெரியாமலே காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதைச் சுத்தமான புதுக் கலவையில் பொதித்தவுடன் அந்தக் காவல் போய், உப்பேறிய பழைய கான்கிரீட்டில் இருக்கும் பக்கத்துக் கம்பி துருப்பிடிக்கத் தொடங்கிவிடுகிறது. இதனால் உடைக்கும்போது துரு முடியும் இடத்தைத் தாண்டி, நல்ல கம்பி தெரியும் வரை போக வேண்டும். கம்பியின் பின்பக்கமும் விரல் நுழையும் அளவு கான்கிரீட்டைக் குடைந்து, துருவை முழுக்கச் சுரண்டி எடுத்து, துத்தநாகம் கலந்த பிரைமர் பூசி, பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும். கம்பியின் கனம் கணிசமாகக் குறைந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். குளோரைடு ஆழமாக ஊறியிருந்தால் அடைப்பு வேலையே வீண், அந்தப் பகுதியை வெட்டியெடுத்து மறுபடி வார்ப்பதுதான் வழி. எங்கள் சன்ஷேடுகளில் ஒரு பக்கத்தவற்றை அப்படித்தான் செய்தோம். பழையதைவிட அகலம் குறைவு, மூடல் அதிகம், விளிம்பின் அடியில் தண்ணீர் சொட்டி விழ ஒரு காடியும் வைத்தாயிற்று.

அதன் பிறகுதான் பூச்சு. கறுப்புப் பொருக்கை அமிலமில்லாமல், குறைந்த அழுத்தத் தண்ணீரும் மென்மையான தூரிகையும் கொண்டு எடுத்தோம். உப்பு பூத்த இடங்களைக் காய்ந்த நிலையில் முதலில் தேய்த்துத் துடைத்து, அப்புறம்தான் கழுவினோம். நேரே தண்ணீர் விட்டால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேயே போகும். நன்றாகக் காயும் வரை, ஒப்பந்தக்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், காத்திருந்தோம். பூச்சு, உள்ளிருக்கும் நீராவியை வெளியே விடக்கூடிய, வெளியிலிருந்து வரும் தண்ணீரைத் தள்ளக்கூடிய சிலிக்கோன் வகை. கடையில் நீர்த்தடுப்பு எப்படி என்று மட்டும்தான் சொல்வார்கள், நீராவி வெளியேறுமா என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

புகார் கதை தனி. ஆலைத் தரப்பில் பேசியவர் புகையால் சுவர் கெடுமா என்று சிரித்தார். மாசு அலுவலகத்திலிருந்து வந்து பார்த்த அன்று புகைபோக்கி சாதுவாக இருந்தது. உங்களிடமும் யாராவது சிரித்தால் சொல்லுங்கள்: மான்செஸ்டர் நகரப் புகைக்கும் அமில மழைக்கும் உள்ள தொடர்பை ராபர்ட் அங்கஸ் ஸ்மித் 1852லேயே எழுதிவிட்டார். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் கைப்பிடிச் சுவர்க் கல் தேய்வதை 1980 முதல் அளந்தார்கள். ஆற்றுக்கு அக்கரையில் இருந்த பேங்க்சைடு மின் நிலையம் 1981இல் மூடப்பட்டு, நகரக் காற்றில் கந்தகமும் குறையக் குறைய, கல்லின் தேய்மானமும் குறைந்தது. தாஜ்மகாலைச் சுற்றியிருந்த ஆலைகள் நிலக்கரியை விட வேண்டும், இல்லையென்றால் இடம் மாற வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பே சொன்னது. ஆக, புகை கட்டடத்தைத் தின்னும் என்பதில் வாதமில்லை. இந்தப் புகை, இந்தச் சுவரைத் தின்றது என்று காட்டுவதுதான் கஷ்டம்.

அதற்கு என்னிடம் எடுபட்டவற்றைச் சொல்கிறேன். ஆலையைப் பார்த்த சுவர், அதற்கு எதிர்ப்பக்கச் சுவர் இரண்டிலும் ஒரே உயரத்தில் பொருக்கைச் சுரண்டி, தனித்தனிப் பைகளில் தேதி எழுதி, சல்பேட்டும் குளோரைடும் பார்க்க ஆய்வகத்துக்குக் கொடுத்தோம். வித்தியாசம் காகிதத்தில் தெரிந்தது. ஒப்பிட எதிர்ப்பக்கம் இல்லாத ஒற்றை மாதிரிக்கு மதிப்பில்லை, வாகனப் புகை என்று தள்ளிவிடுவார்கள். கூடவே புகை நாற்றம் வந்த நேரம், அன்றைய காற்றின் திசை, படம் ஆகியவற்றைக் குறித்து வைத்தோம். பழுதுபார்ப்பதற்கு முன்பே இதையெல்லாம் செய்துவிட வேண்டும். சுவரைக் கழுவிய கையோடு சாட்சியும் கழுவிப் போய்விடும். தெருவில் பல வீடுகள் சேர்ந்து கொடுத்த புகாருக்குத்தான் பதில் வந்தது, நான் தனியாகக் கொடுத்ததற்கு ரசீதுதான் கிடைத்தது. பட்டறை ஒன்று அமிலத் தொட்டிக்கு மேலே ஆவியை உறிஞ்சிக் கழுவும் கருவி வைத்தது. நஷ்ட ஈடு என்று எனக்கு எதுவும் வரவில்லை. காப்பீட்டை நம்பியும் பயனில்லை. படிப்படியாக வரும் தேய்மானமும் துருவும் வீட்டுக் காப்பீடுகளில் பொதுவாகச் சேராது, என் பாலிசியிலும் அது சின்ன எழுத்தில் இருந்தது.

இனி இப்படி ஒரு பகுதியில் வீடு பார்க்கிறவர்களுக்கு. புதுப் பெயிண்டு அடித்த வீட்டைப் பார்த்து ஒன்றும் தெரியாது. அதே தெருவில், அதே திசை பார்த்த, பெயிண்டு அடிக்காத பழைய வீட்டின் சன்ஷேடு அடியைப் பாருங்கள், மின்கம்பத்தின் ஆணிகளைப் பாருங்கள். அவகாசம் இருந்தால் எடை பார்த்த ஒரு துத்தநாகத் தகட்டை வெளியே ஒரு வருஷம் தொங்கவிட்டு, அரிப்பைக் கழுவி மறுபடி எடை பார்க்கலாம், தரநிலையிலேயே அந்த முறை இருக்கிறது. அவகாசம் இல்லையென்றால் அந்தப் பகுதியில் வேலை செய்யும் ஏசி மெக்கானிக்கைப் பிடித்து, இங்கே ஒரு சுருள் எத்தனை வருஷம் தாங்குகிறது என்று கேளுங்கள். வீட்டுத் தரகருக்குத் தெரியாத பதில் அவரிடம் இருக்கும், மறைக்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.